பல்லியின் பன்னிரண்டாவது சுவர்

பல்லி எதையெல்லாம் ஜெயித்தாள் என்று கேட்டால் அவளுடைய அக்கா விரல் மடக்கிச் சொல்வாள். முதலில் உயரத்தை. பத்து வயதுவரை மாடிப்படியில் கைப்பிடியை விடாமல் இறங்கியவள், இன்று நான்கு மாடி உயரத்தில் பிரஷ்ஷைப் பல்லில் கடித்துக்கொண்டு கீழே பார்த்துக் கையாட்டுகிறாள். அடுத்து, வலது மணிக்கட்டை. பேருந்துப் படியிலிருந்து விழுந்து மூன்று இடத்தில் முறிந்து, கோணலாகக் கூடிய கை அது. அடுத்து, பெயர்ப்பலகை எழுதும் பட்டறைக்காரரை. பொம்பளைக்கு ஏணி வேலை சரிப்படாது என்று மூன்று தடவை திருப்பி அனுப்பியவர், நான்காம் தடவை தானே ஆள் விட்டுக் கூப்பிட்டார். கடைசியாக, மாநகராட்சிக் குழுவில் வரிசையாக உட்கார்ந்திருந்த ஏழு பேரை. பல்லிக்குத் திக்குவாய். மற்ற வார்த்தைகள் முட்டி மோதி எப்படியோ வெளியே வந்துவிடும். சொந்தப் பெயர் மட்டும் தொண்டையிலேயே நின்றுவிடும். சிறு வயதில் எந்நேரமும் சுவரோடு ஒட்டிக்கொண்டு கிறுக்கியதால் அக்கா வைத்த பட்டப்பெயர் அவளுக்கு வசதியாகப் போயிற்று. அந்த ஏழு பேருக்கு முன்னாலும் "பல்லின்னு கூப்பிடுங்க" என்றுதான் ஆரம்பித்தாள். ஒரு சுவரை வாங்கிக்கொண்டுதான் எழுந்தாள்.

அது அவளுடைய பன்னிரண்டாவது சுவர். அனுமதியோடு கிடைத்த முதல் சுவர்.

முந்தைய பதினொன்றும் திருட்டுச் சுவர்கள். கடைவீதிக்குப் பின்னால் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் சந்துகளில், குப்பைத் தொட்டிகளுக்கு மேலும் ஏசி பெட்டிகளுக்கு நடுவிலும் அவள் வரைந்தவை. எதிலும் பெயர் போட்டதில்லை. போட்டால் மாட்டிக்கொள்வாள். மாட்டிக்கொண்டால் பெயரைச் சொல்லச் சொல்வார்கள். அதற்கு அபராதமே தேவலை என்பாள்.

அக்கா ஒரு ஹோட்டலில் அறைகளைச் சரிபார்க்கும் மேற்பார்வையாளர். படிப்பு எட்டோடு நின்றுவிட்டது. கண் மட்டும் பூதக்கண்ணாடி. சுத்தம் செய்து முடித்த அறைக்குள் நுழைந்தாளென்றால் கண்ணாடியில் விரல்தடம், குழாய்க்குப் பின்னால் சோப்புக்கறை, கட்டிலுக்கடியில் ஒற்றைத் தலைமுடி, எதுவும் தப்பாது. அதே கண்ணோடு ஒவ்வொரு வாரமும் விடுமுறை நாளன்று சந்து சந்தாக நடப்பாள். கையில் நாற்பது பக்க நோட்டு. 'ரொட்டிக்கடைப் பின்சுவர், மீன்: வாலில் உரிந்திருக்கிறது. சைக்கிள் கடை முடுக்கு, தூங்கும் ஆள்: காதுக்கு மேல் போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள், கிழித்துவிட்டேன்.' தங்கையின் சுவர்களை மட்டும்தான் எழுதவேண்டும் என்றில்லை. வேறு யாரோ வரைந்த நீலக் குதிரை, கதவு முழுக்க ஒற்றைக் கண், வடிகுழாயைத் தும்பிக்கையாக்கிய யானை எல்லாம் அந்த நோட்டில் இருந்தன.

ஒவ்வொரு திருப்பத்திலும், படம் இருக்குமா, இருக்காதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவாள். வெள்ளிக்கிழமைதோறும் மாநகராட்சியின் சாம்பல் வண்டி வரும். அனுமதியில்லாத படத்தின்மேல் சாம்பல் நிறத்தை அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். பல்லியின் பதினொன்றில் ஒன்பது அப்படிப் போயின. நோட்டில் அந்த ஒன்பதுக்கும் எதிரே அக்கா 'சாம்பல்' என்று எழுதித் தேதியும் போட்டிருந்தாள்.

பன்னிரண்டாவதற்குக் குழு போட்ட நிபந்தனை எளிமையானது, கறாரானது. அச்சகத்தின் பக்கச்சுவர், நான்கு மாடி. ஆளைத் தூக்கும் லிஃப்ட் வண்டி திங்கள் முதல் வியாழன் வரைதான். வெள்ளிக்கிழமை அதிகாரி வந்து பார்ப்பார். முடிந்திருந்தால் அனுமதிச் சுவர்களின் பட்டியலில் ஏறும். அப்புறம் சாம்பல் வண்டி தொடாது. முடியாவிட்டால் அன்றைக்கே சாம்பல். இனி எந்தச் சுவரும் கேட்க முடியாது.

"என்ன படம்டி?" என்று அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"மு... முடிஞ்சதும் பாரு. இப்பவே சொன்னா அதுலயும் அழுக்குக் கண்டுபிடிப்ப."

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணி. வேலைக்குப் போகும் வழியில், பல்லிக்குக் கொடுக்க ஒரு பிளாஸ்க் நிறையத் தேநீருடன் அக்கா சந்துக்குள் திரும்பினாள். திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

வெள்ளை பூசித் தயாராக இருந்த சுவர் முழுக்க, அடியிலிருந்து உச்சிவரை, கறுப்பு ஸ்ப்ரேயில் கண்டபடி கிறுக்கியிருந்தது. வட்டங்கள், எட்டுகள், பெருக்கல் குறிகள், ஒரு பூனை முகம், ஒரு செருப்பு, அர்த்தமே இல்லாத எழுத்துகள். தங்கையின் சுவர்மேல் யாரோ பொறாமையில் கைவைத்துவிட்டார்கள்.

அச்சகக் காவலாளி டீக்கடைப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தார்.

"அண்ணே, இதைப் பார்த்துட்டுச் சும்மாவா இருந்தீங்க?"

"நான் இப்பதாம்மா டியூட்டிக்கு வந்தேன். இந்தப் படமெல்லாம் எனக்கு ஒண்ணும் விளங்காது. இதுதான் படமோன்னு நினைச்சேன்."

"இதுவா படம்? உங்க வீட்டுச் சுவத்துல இப்படிக் கிறுக்கினா விடுவீங்களா? ஏணி இருக்கா?"

இருந்தது. பல்லி அவருடைய அறையில் வைத்துவிட்டுப் போயிருந்த வெள்ளை பிரைமர் டப்பாவும் ரோலரும் இருந்தன. டப்பாவில் கால்வாசிதான் மிச்சம். அக்கா அதில் பெரும்பகுதியை ஒரு வாளியில் ஊற்றி, பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள். கறையைக் கண்ட இடத்தில் கை தானாக ஓடுகிற ஜாதி அவள். ஏணிக்கு எட்டிய உயரம்வரை ஒரு கிறுக்கல் விடவில்லை. வலது கீழ் மூலையில் செருப்புப் படம் மட்டும் மசங்கலாகத் தெரிந்தது. அங்கே டப்பாவின் அடியில் மிச்சமிருந்ததைத் தண்ணீர் கலக்காமல் இரண்டு பூச்சு கொடுத்தாள். மேலே இருப்பதை லிஃப்டில் ஏறி அவளே அடித்துக்கொள்ளட்டும் என்று நினைத்து, ஏணியை ஒப்படைத்துவிட்டு, ஒரு நல்ல காரியம் செய்த நிம்மதியோடு அச்சகப் படிக்கட்டில் பல்லிக்காகக் காத்து உட்கார்ந்தாள்.

ஏழு மணிக்கு முன்னாலேயே பல்லி வந்தாள். வந்தவள் சுவரைப் பார்த்தாள். கையிலிருந்த போனைப் பார்த்தாள். மறுபடி சுவரைப் பார்த்தாள். தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"யா... யாரு... யாருக்கா அழிச்சது?"

"எதை?"

"எ... என் குறியெல்லாம்!"

போனை அக்காவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். அதில் கிறுக்கல் சுவரின் போட்டோ. அதன்மேல் கண்ணாடிபோலப் படிந்து ஓவியத்தின் ஒரு துண்டு, ஒரு முழங்கையும் விரல்களும். பெரிய சுவரில் வரைகிறவர்கள் முதலில் இப்படித்தான் வேண்டுமென்றே கிறுக்கிவைப்பார்களாம். அந்தப் போட்டோமேல் ஓவியத்தைப் பொருத்திப் பார்த்து, பூனை மீசைக்கு இடப்பக்கம் முழங்கை, இரண்டாவது எட்டுக்குக் கீழே விரல்நுனி என்று அடையாளம் வைத்துத்தான் நான்கு மாடிக்கும் கோடு இழுப்பார்கள். ஒரே மாதிரி இரண்டு கிறுக்கல் வரக்கூடாது என்பதற்காக நேற்று முழுநாளும் யோசித்து யோசித்துக் கிறுக்கியிருக்கிறாள்.

அக்கா வெள்ளை படிந்த விரல்களை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"சா... சாம்பல் வண்டிக்காரங்கதான். வேற யாரு? அனுமதி குடுத்த சுவருன்னு சாம்பலுக்குப் பதிலா வெள்ளையால அழிச்சிருக்காங்க. மறுபடி கிறுக்க ஒரு நாள் போயிடும். அ... அதிகாரிக்குப் போன் போடறேன். கிழி கிழின்னு கிழிக்கறேன்."

பல்லி எண்ணைத் தேட ஆரம்பித்தாள். அக்கா மனசுக்குள் கணக்குப் போட்டாள். அதிகாரியிடம் போய் அவருடைய ஆட்கள்மேல் பழி போட்டால் வெள்ளிக்கிழமை அவர் எந்த முகத்தோடு வருவார்? சொல்லிவிட்டால்? 'எல்லாத்துலயும் மூக்கை நுழைக்காதே' என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருப்பவள் இவள். இந்த ஒரு சுவருக்காக ஆறு மாதம் அலைந்தவள். சொன்னால் இனி முகத்தில் முழிப்பாளா?

நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். வெயில் உச்சியிலிருந்து மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. மேலே மிச்சமிருந்த கறுப்பு வட்டங்கள் ஒவ்வொன்றாகப் பளிச்சென்று தெரிந்தன. வெயில் பட்ட இடம் காய்ந்துகொண்டு வருகிறது. கறை சமாசாரத்தில் அக்காவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஈரம் இருக்கும்வரை எந்தக் கறையும் பேச்சுக்கு வரும், காய்ந்துவிட்டால் பிடிவாதம்தான். அவள் பூசிய இடத்துக்கு வெயில் இறங்க இன்னும் கால் மணி நேரம் இருக்கலாம்.

போன் எதிர்முனையில் மணியடிப்பது வெளியே கேட்டது.

"வெச்சிடுடி. நான்தான்."

"எ... என்னது நீதான்?"

"நான்தான் அழிச்சேன். யாரோ உன் சுவத்தை அசிங்கம் பண்ணிட்டாங்கன்னு நினைச்சு..." முந்தானைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்தாள்.

பல்லி போனை வைத்தாள். அந்தக் கையையே பார்த்தாள்.

"தண்ணி க... கலந்தியா?"

"பாதிக்குப் பாதி."

"எவ்வளவு நேரமாச்சு?"

"ஆரம்பிச்சு முக்கால் மணி. கீழ இன்னும் ஈரம்தான். இப்பவே ஒத்தி எடுத்தா வந்துடும். தேய்க்கக் கூடாது. ஒத்தணும்."

"கஞ்சப் பிசினாறி," என்றாள் பல்லி. "ந... நல்லவேளைக்குக் கஞ்சம்."

அக்காவின் பையில் ஹோட்டலில் துடைக்கும் துணிகள் எப்போதும் ஒரு டஜன் இருக்கும். காவலாளியிடம் இரண்டு வாளித் தண்ணீர் வாங்கினார்கள். அக்கா பூசிய இடத்தில் வெயில் முதலில் தொடப்போகும் மேல்பகுதியை முதலில் பிடித்தார்கள். அக்கா ஏணியில், பல்லி லிஃப்டில். ஈரத்துணியை வைத்து அழுத்தி, எண்ணிப் பத்து வரை பிடித்து, எடுப்பார்கள். பழைய வெள்ளையின்மேல் கறுப்பு மெல்ல எட்டிப் பார்க்கும். ஒரு எட்டு வந்தது. இரண்டு பெருக்கல் குறி வந்தன. பூனைக்கு ஒரு காது வர மறுத்தது. பல்லி போட்டோவைப் பார்த்துத் திரும்பப் போட்டாள். தலைக்கு மேலே வெயில் ஒரு முழம் இறங்கும்போதெல்லாம் அக்கா இன்னொரு துணியை நனைத்தாள். ஈரக் கையாலேயே ஹோட்டலுக்குப் போன் போட்டு, வர நேரமாகும் என்றாள். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை. உடம்புக்கு என்ன என்று மேலாளர் பதறிவிட்டார்.

பத்து மணிக்கு எல்லாக் குறியும் திரும்பிவிட்டன, வலது கீழ் மூலையைத் தவிர. தண்ணீர் கலக்காமல் இரண்டு பூச்சு கொடுத்த இடம். ஒரு கதவளவு, அப்பழுக்கில்லாத வெள்ளை. எவ்வளவு ஒத்தியும் செருப்பு வரவே இல்லை.

"அதை வி... விடு. அப்புறம் பாத்துக்கலாம்," என்றாள் பல்லி. ஆனால் அந்த மூலையைப் பார்க்கும்போதெல்லாம் அக்காவுக்குக் குற்றவாளிக் கூண்டில் நிற்பதுபோல் இருந்தது. செவ்வாய், புதன் இரண்டு நாளும் அறைகளைச் சரிபார்க்கும்போது கட்டில் விரிப்பின் வெள்ளையெல்லாம் அந்த மூலையாகவே தெரிந்தது.

வியாழன் சாயங்காலம் லிஃப்ட் வண்டியை எடுத்துப்போக ஆட்கள் வந்து நின்றபோது, கடைசிக் கோட்டை இழுத்துவிட்டுப் பல்லி இறங்கினாள். அக்கா அப்போதுதான் முழுப்படத்தையும் பார்த்தாள். ஒரு பெண் கட்டில் விரிப்பை உதறுகிறாள். கைகள் நான்காம் மாடியில். விரிப்பு காற்றில் உப்பிச் சுவர் முழுக்கப் புரண்டு இறங்கி, அதன் நுனி வலது கீழ் மூலையில் அந்தக் கதவளவு வெள்ளையில் போய் முடிகிறது.

அக்கா கிட்டே போய், "இந்த மடிப்பு தப்பு. ஓரத் தையல் உள்பக்கம் போகணும்," என்றாள்.

"சொ... சொன்னேன்ல, அழுக்குக் கண்டுபிடிப்பன்னு," என்றபடி பல்லி பிரஷ்ஷை எடுத்து அதைத் திருத்தினாள்.

வெள்ளிக்கிழமை சந்து முனையில் சாம்பல் வண்டி வந்து காத்திருந்தது. என்ஜின் அணைக்கப்படவில்லை. அதிகாரி அண்ணாந்து பார்த்தார், பின்னால் நடந்துபோய்ப் பார்த்தார், அட்டையில் எழுதினார். பிறகு சுவரின் அடிப்பாகம் முழுக்கக் குனிந்து தேடினார்.

"பேர் எங்கே?"

பல்லியின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"பேரில்லாத படத்தைப் பட்டியல்ல ஏத்த முடியாதுங்க. விதி அப்படி. மனுவுலயும் பல்லின்னுதான் இருக்கு. உங்க முழுப் பேர் என்ன?"

முதல் எழுத்திலேயே தொண்டை அடைத்துக்கொண்டது. கழுத்து நரம்பு புடைத்தது. அக்கா சொல்ல வாயெடுத்தாள். பல்லி கையை உயர்த்தித் தடுத்தாள். முனையில் சாம்பல் வண்டி உறுமிக்கொண்டிருந்தது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்.

பல்லி குனிந்து சின்ன பிரஷ்ஷை எடுத்துக் கறுப்பில் தோய்த்தாள். அந்த மூலைக்குப் போய், அக்கா இரண்டு பூச்சு கொடுத்திருந்த வெள்ளையின்மேல், ஒரு எழுத்தும் திக்காமல் தன் முழுப் பெயரையும் எழுதினாள். அதிகாரி வாய்விட்டு அதைப் படித்துப் பட்டியலில் ஏற்றினார். சாம்பல் வண்டி பின்பக்கமாகவே நகர்ந்து வெளியேறியது.

அக்கா நோட்டைத் திறந்தாள். பன்னிரண்டாவது வரிக்கு எதிரே, அழிந்துபோன ஒன்பதுக்கும் 'சாம்பல்' என்று எழுதியிருந்த இடத்தில், தங்கையின் பெயரையும் அதன் பக்கத்தில் தேதியையும் எழுதினாள்: 11 அக்டோபர் 2019.