அடியில்லாத பானைகள்

நான் அப்போதே சொன்னேன். மாரிமுத்து அண்ணன் போய்விட்டால் பாக்கியம் அண்ணி அதிக நாள் இருக்க மாட்டார் என்று, அண்ணனுடைய காரியத்தன்று பந்தலில் வைத்தே சொன்னேன். "வாயைக் கழுவுய்யா" என்று திட்டியவர்கள் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். போன வாரம் ரவாங்கிலிருந்து அவர்கள் மகன் போன் செய்து, "சித்தப்பா, அம்மாவும்..." என்றான். மீதியை நானே சொல்லி முடித்தேன்.

எங்களோடு தோட்டத்து லய வீடுகளில் இருந்தவர்களுக்கு இந்த இருவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். காலையில் இருவரும் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுப்பார்கள். பிற்பகலில் பானை செய்வார்கள். அண்ணன் சக்கரத்தில் கழுத்தையும் தோளையும் எடுப்பார். அடிப்பக்கம் திறந்தே இருக்கும். சற்றுக் காய்ந்ததும் அண்ணன் அதை மடியில் வைத்துத் திருப்பிக்கொடுக்க, அண்ணி உள்ளே ஒரு கல்லைப் பிடித்து வெளியே பலகையால் தட்டித் தட்டி மூடுவார். "வாய் நான் செய்யறது, வயிறு அவ செய்யறது" என்பார் அண்ணன். கோலசிலாங்கூரிலிருந்து செகிஞ்சான் வரை அந்தப் பானையில் பொங்காத தமிழ் வீடு கிடையாது. செகிஞ்சான் சீனர்கள்கூட வரிசையில் நின்று வாங்கினார்கள். வரிசையை ஒழுங்குபடுத்தியது நான்.

ஒருமுறை அண்ணியை விட்டுவிட்டு அண்ணன் டவுனில் படம் பார்த்து வந்தார். கூட்டிப்போனவன் நான்தான். மறுநாளிலிருந்து அண்ணி பலகையைத் தொடவில்லை. பானைகள் வாசலில் திறந்தபடியே காய்ந்து வெடித்தன. "சோறு போடுறா, தட்ட மட்டும் மாட்டேங்கிறாடா" என்று அண்ணன் அழாத குறை. நான் சமாதானம் பேசப் போனேன். "நீ பேசினா இன்னும் ரெண்டு நாள் கூடுதலா கோவிச்சுக்குவேன், தம்பி" என்றார் அண்ணி.

காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரன் சண்டையிட்ட அவசரகாலத்தில், லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள். அந்தக் காட்டுக்காரர்களுக்கு அரிசி போகக்கூடாதாம். அதனால் சோறு வைக்கக்கூடிய எந்தப் பாத்திரமும் கேட்டைத் தாண்டக் கூடாது. அத்தாப்பு ஓலைக் கூரை பற்றிக்கொள்ளும் என்று வேலிக்குள் சூளை மூட்டவும் தடை. சூளையோ வெளியே ஆற்றோரத்தில். பொங்கல் நெருங்கிவிட்டது. அண்ணன் யோசித்தார்: அடி இல்லாவிட்டால் அது பாத்திரமே இல்லையே! திறந்த பானைகளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோய், சூளையடியில் உட்கார்ந்து மூடிக்கொள்ளலாம். யோசனை என்னுடையது என்றும் சொல்லலாம்.

கேட்டில் எங்களை வேலை வாங்கும் மண்டோர் ஒரு பானைக்குள் கையை விட்டார். விரல்கள் அந்தப் பக்கம் வந்து ஆடின.

"என்னா லா மாரி, இது பானையா, குழாயா?"

"பாதிப் பானைங்க. மீதிய அங்க போய்ச் செய்வோம்."

உண்மையைச் சொன்னதுதான் வினையாகிவிட்டது. மண்டோர் எடுத்துச் சொல்ல, கேட்டுக் காவலில் இருந்த வெள்ளைக்கார அதிகாரியின் முகம் சிவந்தது. வெளியே போய் மூடிக் காட்டுக்காரர்களுக்குக் கொடுக்கத்தானே இந்தத் தந்திரம் என்றார். அண்ணனின் கைகளை முன்னால் கட்டி லோரி அருகே உட்கார வைத்தார்கள். அந்த லோரியில் ஏறினால் தடுப்பு முகாம்; அங்கிருந்து இந்தியாவுக்குக் கப்பல். அண்ணன் அங்கிருந்து வந்தவர், அண்ணி இந்த மண்ணிலேயே பிறந்தவர். இருவரும் ஆளுக்கொரு கரையில் முடிவார்கள் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்தது.

நான் முன்னால் போய் இங்கிலீஷில் வாதாடினேன். தோட்டப் பள்ளியில் மூன்றாவது வரை படித்தவனாயிற்றே. அதிகாரி "வாட்?" என்றார். மறுபடியும் சொன்னேன். மறுபடியும் "வாட்?" என்றார்.

அதற்குள் செய்தி கேட்டு அண்ணி ரப்பர் காட்டிலிருந்து ஓடி வந்தார். அதிகாரி ஒரு பானையைக் காட்டி, "மூடு, பார்க்கிறேன்" என்றார். அண்ணி நிமிர்ந்து நின்று, "அவர் கைய அவுத்து விடுங்க. அவர் திருப்பினாத்தான் என் கை தட்டும்" என்றார். கட்டை அவிழ்த்தார்கள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பலகை விழ விழ, ஓட்டை குறுகிக் குறுகி மூடிக்கொண்டது. அதிகாரி பானையைத் தரையில் வைத்தார். உருண்டை அடியல்லவா, உருண்டு ஓடியது. மண்டோர் பின்னாலேயே ஓடிப் பிடித்தார். கூட்டம் சிரித்தது, அதிகாரியும் சிரித்துவிட்டார். காவலர் ஒருவர் கூடப் போக வேண்டும், புருஷனும் பெண்சாதியும் சேர்ந்தே கேட்டைத் தாண்ட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். அந்த வருடம் எல்லா லயத்திலும் பொங்கல் பொங்கியது.

அண்ணியின் அந்தப் பேச்சைக் கல்யாணம், கருமாதி என்று போன இடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் கண் கலங்கியிருக்கிறார்கள். போன வாரம் அவர் தலைமாட்டில் உட்கார்ந்தபோது மட்டும் அதைச் சொல்ல வாய் வரவில்லை. ஏனென்றால் அது நான் சேர்த்தது. அண்ணி அன்று ஒரு வார்த்தையும் பேசவில்லை. பானையைத் தூக்கிக்கொண்டு போய், கட்டப்பட்டிருந்த அண்ணனின் கைகளுக்கு நடுவில் வைத்தார். எதிரே உட்கார்ந்து பலகையைப் பிடித்தபடி, அண்ணன் திருப்புவதற்காகக் காத்திருந்தார். அதிகாரி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவரே குனிந்து கயிற்றை அவிழ்த்தார்.

அவர்களுடையது என்று என்னிடம் இருப்பது அந்தக் காத்திருப்புதான். அதில் நான் எதையும் சேர்க்கவில்லை.