சாப்பாட்டு ஹாலில் சொன்னது

பேகம்பூரில் ஐரின் வீட்டுக் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் கன்னியர் நடத்திய பெண்கள் பள்ளி. கொல்லையில் நின்றால் விடுதிப் பெண்கள் துணி துவைக்கும் சத்தம் கேட்கும். அந்தப் பள்ளியில்தான் அவள் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தாள். ஆனால் தினமும் சுவரைச் சுற்றி நடந்து பெரிய கேட் வழியாகப் போய், மாலை மணி அடித்ததும் அதே வழியாகத் திரும்பிவிடும் பிள்ளை. வெளிப்பிள்ளைகளை டே ஸ்காலர் என்பார்கள். வகுப்புக்கு நாலைந்து பேர்தான் அப்படி. மற்ற எல்லாரும் போர்டிங்.

படிப்பில் யாரும் பேதம் காட்டவில்லை. பேதம் இருந்தது வேறிடத்தில். பள்ளியில் எந்த அறிவிப்பானாலும் சாப்பாட்டு ஹாலில்தான் சொல்வார்கள், ஜெபம் முடிந்து தட்டில் கை வைப்பதற்கு முன்னால். டே ஸ்காலர்களுக்கு அது மறுநாளோ அதற்கு மறுநாளோ யார் வழியாகவாவது வந்து சேரும், சில சமயம் சேராது.

ஐரினுக்குப் பூப்பந்தாட்டத்தில் நல்ல கை. மதிய இடைவேளையில் அணிப் பெண்களையே தோற்கடிப்பாள். ஆனால் எட்டாம் வகுப்பில் அணிக்கு ஆள் எடுத்த விஷயம் அவளுக்கு மூன்று நாள் கழித்துத் தெரிந்தது. ஒன்பதில், கட்டாயம் சொல்லி அனுப்புகிறேன் என்று விளையாட்டு சிஸ்டர் வாக்குக் கொடுத்து, மறந்துவிட்டார்.

"ஒரு பேப்பர்ல எழுதி ஒட்டலாமே சிஸ்டர்?"

"ஒட்டுனா யாரும்மா நின்னு படிக்கிறா? சாப்பாட்டு ஹால்ல சொன்னாத்தான் எல்லாருக்கும் போய்ச் சேரும்."

சிஸ்டர் கெட்டவர் அல்ல. அதுதான் ஐரினுக்குத் தாங்கவில்லை. வேண்டுமென்று ஒதுக்குகிறவரோடு சண்டை போடலாம். நம்மை நினைக்கவே மறந்தவரோடு எதை வைத்துச் சண்டை போடுவது?

1997இல் அவள் பத்தாம் வகுப்பு. அந்தப் பள்ளியில் அதுதான் கடைசி வகுப்பு, அணியில் சேரவும் அதுதான் கடைசி வருடம். ஜூன் மாதம் அப்பாவிடம் கேட்டாள்.

"என்னைய போர்டிங்ல சேத்து விடுங்கப்பா. இந்த ஒரு வருசம் மட்டும்."

பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்த மரியராஜ் சட்டைப் பொத்தானில் வைத்த கையை எடுக்கவில்லை. "எந்த ஊரு போர்டிங்?"

"நம்ம பள்ளிக்கூடத்து போர்டிங்தான்."

"ஏத்தா, இங்க தும்முனா அங்க கேக்கும். பெட்டிய எடுத்துக்கிட்டு எந்த பஸ்ஸுல ஏறப் போற? நான் வேணா டைம் சொல்றேன்."

"இங்க சோறு எறங்கலயாக்கும் மகாராணிக்கு" என்றாள் அம்மா வியாகுலம்மாள்.

ஐரின் காரணத்தைச் சொல்லவில்லை. பந்து விளையாடவா போர்டிங் என்று கேட்டுவிட்டால் அதற்குப் பதில் கிடையாது. மூன்று நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்தாள். நான்காம் நாள் மரியராஜ் தலைமைச் சிஸ்டரைப் பார்க்கப் போனார். விண்ணப்பத்தில் விலாசத்தைப் படித்துவிட்டுச் சிஸ்டர் சிரித்தாராம். அடுத்த திங்கட்கிழமை டிரங்குப் பெட்டியை சைக்கிள் கேரியரில் கட்டி, சுவரைச் சுற்றித் தள்ளிக்கொண்டு போனார்.

மூன்று வாரம், தினம் மூன்று வேளை, ஐரின் சாப்பாட்டு ஹாலில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். காணாமல்போன செருப்பு, தொட்டியில் தண்ணீர் குறைவு, பாட்டு ஒத்திகை எல்லாம் சொன்னார்கள். பூப்பந்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கீரனூரிலிருந்து வந்த நாகஜோதி பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். "ஏன்டி இப்பிடி மொறைச்சுக்கிட்டே திங்கிற? சாம்பாரு பயந்துக்கப் போகுது."

ஜூலை முதல் ஞாயிறு, பெற்றோர் பார்க்க வரும் நாள். அன்று ஆள் வந்த பிள்ளைகள் அவர்களோடு விசிட்டர் ரூமில் உட்கார்ந்து, கொண்டுவந்ததைச் சாப்பிடலாம். ஆனால் நாலு மணி அடிக்கும்வரை அங்கிருந்து எழுந்து வரக் கூடாது. ஐரினுக்கு யாரும் வரப்போவதில்லை. கொல்லையில் நின்று கூப்பிட்டாலே போதுமே.

பன்னிரண்டரைக்கு வியாகுலம்மாள் வந்து நின்றாள். பூசைக்குக் கட்டும் சேலை, கையில் நாலடுக்கு டிபன் கேரியர்.

"எதுக்கும்மா வந்த?"

"நல்லாருக்கே. அகரத்துல இருந்து பஸ் ஏறி வாராக. செவுத்துக்கு அங்கிட்டு இருக்கவ வரலைன்னா, ஆத்தாளுக்கும் மகளுக்கும் ஆகாதுன்னுல்ல பேசுவாக. ஒக்காரு. கறிக்கொழம்பு சூடா இருக்கு."

உட்கார்ந்தாள். அம்மா பக்கத்து வீட்டுச் சண்டை முழுவதையும் சொன்னாள். இரண்டு மணிக்கு மேல் மைதானத்துப் பக்கமிருந்து மட்டையில் பந்து படும் சத்தம் கேட்டது. யாரோ பொழுதுபோகாமல் ஆடுகிறார்கள் என்று ஐரின் நினைத்துக்கொண்டாள்.

நாலு மணிக்கு நாகஜோதி வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தாள். "செலக்சன் முடிஞ்சிருச்சுடி. சாப்பாட்டு ஹால்ல சொன்னாங்க. நான் வந்து உன்னயக் கூப்பிடறேன்னேன், விசிட்டர் இருக்கறவங்கள எழுப்பக் கூடாதுன்னுட்டாங்க. எங்கூட்ல நடவு, யாரும் வரலீல்ல, அதனால நான் போனேன்." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "என்னைய எடுத்துட்டாங்க."

ஐரின் விளையாட்டு சிஸ்டரிடம் ஓடினாள்.

"அடடா, நீதான் இப்ப போர்டிங்காச்சே. வந்திருக்க வேண்டியதுதானே?" என்றார் சிஸ்டர், நிஜமான வருத்தத்தோடு. "போட்டிக்குப் பேரு குடுத்தாச்சேம்மா."

திரும்பி வந்தபோது வியாகுலம்மாள் கேரியரைப் பூட்டிக்கொண்டிருந்தாள். நாகஜோதி எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள்.

"இதுக்குத்தான் வந்தியா இங்க? ஒரு வார்த்த சொல்லிருந்தா நான் வந்திருப்பேனாடி?"

"என்னைக்குன்னு எனக்கே தெரியாதே, என்னன்னு சொல்றது?"

"நான் வேணா அந்தச் சிஸ்டர்ட்ட பேசவா?"

"பேசாத. அடுத்த மாசம் வராத."

அம்மா தலையாட்டினாள். கேட்டைத் தாண்டும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

அதோடு ஐரின் மட்டையைத் தொடவே இல்லை என்று சொன்னால் நன்றாக இருக்கும். தொட்டாள். கல்லூரியில் மூன்று வருடம் ஆடினாள், ஒரு கோப்பைகூட வாங்கினாள். பிறகு நிலக்கோட்டைப் பக்கம் ஒரு கூட்டுறவு வங்கியில் வேலை கிடைத்தது. ஆனால் அந்தக் கோப்பையால் பத்தாம் வகுப்பு ஈடாகவில்லை. ஒன்றுக்கு இன்னொன்று ஈடு என்பது வெளியே நின்று பார்க்கிறவர்களின் கணக்கு.

அந்த வருடம் ஆகஸ்ட் முதல் ஞாயிறு வியாகுலம்மாள் வரவில்லை. ஐரின் சாப்பாட்டு ஹாலில், ஆள் வராத பிள்ளைகளோடு, நீளமான பெஞ்சில் உட்கார்ந்தாள். அணி அன்று காலையிலேயே போட்டிக்காக வேனில் பழனிக்குப் போயிருந்தது. ஜெபம் முடிந்தது. அன்று சொல்வதற்கு எதுவும் இல்லை, சாப்பிடலாம் என்றார் விடுதி சிஸ்டர்.