அடங்காவின் கெட்டிமேளம்

துஷாந்தியை யாராவது "டிஜே" என்று அறிமுகப்படுத்தினால் அவள் உடனே திருத்துவாள். பாட்டுப் போடுவது பாதி வேலைதான், பாட்டை உண்டாக்குவது மற்றப் பாதி என்பாள். கணினியில் ஒவ்வொரு சத்தமாகச் செய்து, அடுக்கி, அதிரவைத்து, இசையாக்கி வெளியிடுகிறவள் அவள். இத்தாலியில், எங்கள் பலெர்மோத் தமிழருக்கு இந்த வித்தியாசம் கடைசிவரை விளங்கவில்லை. ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நிற்கிற எவரும் எங்களுக்குச் சவுண்ட்காரர்தான்.

அவள் பிறந்து வளர்ந்தது லண்டனில். படிக்கட்டும் என்று தகப்பன் வாங்கிக் கொடுத்த கணினியில் படிப்பைத் தவிர எல்லாம் செய்தாள். தாய்க்குக் கோபம் வந்தால் வாயில் வருவது ஒரே சொல், "அடங்காப்பிடாரி". பிறகு கிளப்புகளில் இசை போடக் கூப்பிட்டு, போஸ்டருக்கு ஒரு பெயர் கேட்டபோது, அந்தச் சொல்லின் முன்பாதியை வெட்டிக் கொடுத்தாள். டிஜே அடங்கா. வெள்ளைக்காரர் அதைச் சொல்ல நாக்கோடு மல்லுக்கட்டினார்கள். தாய் கன நாள் அவளோடு கதைக்கவில்லை.

லீட்ஸ், பிரிஸ்டல் என்று சனிக்கிழமைகளில் பெட்டியோடு ரயிலேறிப் போவாள். அவளுடைய இசையை ஒரு சின்னக் கொம்பனி இசைத்தட்டாகவும் போட்டது. ஒரு கிளப்பின் வாசலில் காவலாளி அவளைப் பார்த்துவிட்டு, துப்புரவு வேலைக்காரரின் கதவு பின்பக்கம் என்றானாம். அவள் வாதாடவில்லை. மழையில் பெட்டிமேல் குந்திக்கொண்டு இருந்துவிட்டாள். உள்ளே சனம் அவளைக் கேட்டுக் கத்தத் தொடங்கியதும் முதலாளி ஓடிவந்து, அந்தப் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு முன்வாசலால் கூட்டிப் போனான். இதை அவள் எனக்குச் சொன்னபோது, "நீ உள்ளுக்குப் போய்ச் சொல்லியிருக்கலாமே" என்றேன். "நான் ஏன் சொல்ல வேணும் அக்கா? தேடி வரட்டும்" என்றாள். அவளுடைய குணம் முழுவதும் அந்தப் பதிலில் இருக்கிறது.

அவளைப் பலெர்மோவுக்குக் கொண்டுவந்தது தனேஸ். சின்ன வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்து, நகரின் பொலிதேயாமா பக்கம் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலியச் சீமாட்டியின், வீட்டில் சமையல் செய்தவன். லண்டனில் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில் அவளைக் கண்டான். அவன் இந்த ஊரை விட்டு வரமாட்டேன் என்றான். அவள் கணினியை எங்கே வைத்தாலும் வேலை செய்யும் என்றாள். கல்யாணம் முடிந்து சீசா என்ற பகுதியில் என் வீட்டுக்கு அடுத்த வீட்டை எடுத்தார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர், அதுவும் பிஸ்கட் மாதிரி மெல்லியது.

கோடையில் இத்தாலியர்களின் கிளப், மற்ற நாட்களில் எங்கள் மண்டபங்கள். முதல்முதல் ஒரு சாமத்திய வீட்டில், பெண்பிள்ளையின் பூப்புச் சடங்கில், அவள் போட்ட பேஸ் சத்தத்தில் வடைத் தட்டு மேசையில் தானாக நகர்ந்தது. ஆம்பிளைகள் மிக்சருக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "தம்பி எங்கை?" என்று தேடினார்கள். தம்பி கேபிள் சுற்றிக்கொண்டு நின்றான். "நான் தூக்குற ஆள், போடுற ஆள் அவ" என்று தனேஸ் சிரித்துக்கொண்டே சொல்வான். கொஞ்சக் காலத்தில், துஷாந்தி இல்லாமல் இங்கே ஒரு கல்யாணமும் நடக்காது என்றாகிவிட்டது.

கல்யாணத்தில் சவுண்ட்காரருக்கு ஒரு பெரிய பொறுப்பு உண்டு. தவில், நாதஸ்வரக் கோஷ்டியைப் பாரிஸிலிருந்து இறக்க எல்லாராலும் முடியாது. அதனால் ஐயர் கையைக் காட்டியதும் சவுண்ட்காரர் பட்டனை அமத்த வேண்டும். ஸ்பீக்கரில் கெட்டிமேளம் முழங்க, மாப்பிள்ளை தாலி கட்டுவார். எங்களிடம் இருந்தது எந்தக் காலத்திலோ பதிந்த ஒரு மேளம். நடுவில் யாரோ இருமுவது கேட்கும். எத்தனையோ சோடிகள் அந்த இருமலோடுதான் கல்யாணம் கட்டின.

துஷாந்திக்கு அது பொறுக்கவில்லை. தானே ஒரு மேளம் செய்யப் போவதாகச் சொன்னாள். அதற்கு அவளிடம் சரக்கும் இருந்தது. காலையில் இத்தாலியக் கேத்தலில் கோப்பி கொதித்து மேலே வரும்வரைக்கும் தனேஸ் குசினி மேசையில் பத்து விரலாலும் தட்டிக்கொண்டிருப்பான். அவன் தவில் பழகியவனில்லை. ஆனால் நாலு தட்டு, ஒரு இடைவெளி, பிறகு ஒரு உருட்டல் என்று அந்தக் கைக்கு ஒரு கணக்கு இருந்தது. அவள் மேசைக்குக் கீழே மைக்கை ஒட்டிவைத்து அதைப் பதிந்தாள்.

அந்த வேலை முடிய முன்னர் தனேஸ் போய்விட்டான். சிஞ்ஞோராவின் குசினியில் நின்றபடியே விழுந்தான். நாற்பது வயதுகூட இல்லை. எனக்கு இப்போதும் அதை நினைத்தால் ஆத்திரம்தான் வருகிறது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

முப்பத்தோராம் நாள் முடியும்வரை அந்த வீட்டுக்கு வந்துபோன சொந்தங்கள் சமைத்தார்கள், அழுதார்கள், புத்தி சொன்னார்கள். அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மேளம் செய்தாள். நாலு தட்டு, இடைவெளி, உருட்டல். சுவர் வழியாக அது என் வீட்டுப் பீங்கான்களையும் நடுங்க வைத்தது. செத்த வீட்டில் என்ன மேளம் என்று கேட்டவர்களுக்கு அவள் கதவைத் திறக்கவில்லை. பதில் நான் சொன்னேன். "அவள் அழுகிறாள், அது உங்களுக்கு மேளமாய்க் கேக்குது" என்றேன். முடிந்ததும் தன் பெயரைப் போட்டு இணையத்தில் விட்டாள்.

அதற்குப் பிறகு வந்த முதல் கல்யாணம், தனேஸ் வந்த நாளிலிருந்து அவனோடு பழகிய அம்பிகையின் மகள் நிரோசினிக்கு. தனேஸ் தூக்கி வளர்த்த பிள்ளை. "உன்ரை கல்யாணத்துக்கு நாங்கள்தான் மேளம்" என்று அவளுக்கு அவன் வாக்குக் கொடுத்திருந்தான். அம்பிகை துஷாந்தியின் வீட்டுக்கு வந்தாள். நானும் அங்கே இருந்தேன்.

"பிள்ளை, குறை நினையாதை. பின்னேரம் டான்சுக்கு நீயே போடு. தாலி கட்டுற நேரம் மட்டும் கொஞ்சம் அங்காலை நில். பட்டனை ஆரும் பெடியன் அமத்தட்டும்."

"ஏன் அக்கா, என்ரை புருசன் செத்தது பட்டனுக்குத் தெரியுமோ?"

"நான் சொல்லேல்லை. சனம் சொல்லும்."

"அமத்தினால் நான்தான் அமத்துவன். இல்லாட்டி முழுக்க வேறை ஆளைப் பிடியுங்கோ."

அம்பிகை கத்தானியாவிலிருந்து சுஜீவன் என்ற பெடியனைப் பிடித்தாள். அதோடு மற்றவர்களுக்கும் வழி திறந்துவிட்டது. துஷாந்தியைக் கூப்பிட நினைத்திருந்த வீடுகள் ஒவ்வொன்றாகச் சுஜீவனுக்கு மாறின. விட்டுத்தள்ளு, கிளப்பில் ஆயிரம் பேர் ஆடுகிறார்கள்தானே என்று நான் ஆறுதல் சொல்லப் போனேன். "அங்கை ஆடுறவைக்குத் தனேசைத் தெரியாது. இஞ்சை எல்லாருக்கும் தெரியும். மிக்சருக்குப் பின்னாலை இருக்கிற அந்தக் கதிரை நானும் அவரும் சேர்ந்து பிடிச்சது. விடமாட்டன்" என்றாள். எப்படி விடாமல் வைத்திருப்பாள் என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

ஆனால் கல்யாணத்துக்கு வந்தாள். சியாகுல்லிப் பக்கம் மண்டபம். தோட்டத்து மாண்டரின் பழங்களை மேசைக்கு மேசை குவித்திருந்தார்கள். துஷாந்தி அரக்குச் சேலையும் பெரிய பொட்டுமாக நடுவால் நடந்து வந்தாள். அவளுக்குக் கொடுத்தது சமையலறைக் கதவோரத்துக் கடைசி மேசை. நானும் போய் அங்கேயே உட்கார்ந்தேன். என் மனிசன் உயிரோடு இருக்கிறார் என்ற ஒரே தகுதியில் எனக்கு எல்லாச் சபையிலும் முன்வரிசைதான். அந்த மனிசன் என் பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார்.

ஐயர் கையைக் காட்டினார். சுஜீவன் பட்டனை அமத்தினான்.

நாலு தட்டு. இடைவெளி. உருட்டல்.

அதில் அவள் சேர்த்திருந்த நாதஸ்வரமும் சேர்ந்து மண்டபம் நிறைந்தது, ஆனால் அடியில் ஓடியது அந்தக் குசினி மேசை. மாண்டரின் உரித்துக்கொண்டிருந்த துஷாந்தியின் கை நின்றது. மாப்பிள்ளை தாலி கட்டினார், பூவும் அரிசியும் பறந்தன, சனம் கண்ணைத் துடைத்தது. துஷாந்தி மெல்லச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்குப் பயமாக இருந்தது.

அறுகரிசி போட்டு வாழ்த்த ஆட்களைக் கூட்டிக்கொண்டு, தட்டும் கையுமாக அம்பிகை மேசை மேசையாக வந்தாள். எங்கள் மேசையில் எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். துஷாந்தியிடம் மட்டும், "நீ இருந்து சாப்பிடு பிள்ளை" என்றாள்.

"மேளம் பிடிச்சதோ அக்கா?" என்று துஷாந்தி கேட்டாள்.

"ஊர்க் கோயிலிலைகூட இப்பிடிக் கேட்டதில்லை. சுஜீவன்ரை கை ராசியான கை."

துஷாந்தி எழுந்தாள். சுவரோரமாகப் போகவில்லை, மணவறைக்கு முன்னால், சபைக்கு நடுவால் சுஜீவனிடம் போனாள். அம்பிகை தட்டோடு பின்னால் ஓடினாள்.

"தம்பி, இந்த மேளம் எங்கை எடுத்தனீ?"

"வட்ஸ்அப்பிலை வந்தது அக்கா. எல்லாரும் இதைத்தான் போடினம்."

"இதிலை கடைசித் துண்டு இல்லை. முழுசு என்னட்டை இருக்கு." அவள் தன் போனைக் கேபிளில் கொளுவிவிட்டு மைக்கை எடுத்தாள். "நீங்கள் இப்ப கேட்ட மேளம் நான் செய்தது. தட்டினது தனேஸ், எங்கடை குசினி மேசையிலை. நீங்கள் என்னை ஒதுக்கிப்போட்டு அவரைக் கூப்பிட்டிருக்கிறியள். அவர் இந்தப் பிள்ளைக்கு வாக்குக் குடுத்தவர், வந்திட்டார். ஆரோ அவரின்ரை கடைசித் துண்டை வெட்டிப்போட்டினம். நிரோசினிக்கு வெட்டின மேளம் வேண்டாம்."

பட்டனை அவளே அமத்தினாள்.

மேளம் முழங்கி உச்சத்துக்குப் போய் நின்றது. பிறகு, நாங்கள் யாரும் கேட்டிராத அந்த முடிவு. கோப்பி கொதித்து மேலே ஏறுகிற களகள சத்தம். அதன்மேல் தனேசின் குரல், அவ்வளவு பெரிய ஸ்பீக்கரில், பக்கத்தில் நின்று சொல்வது போல:

"துஷா, கோப்பி வந்திட்டுது. எழும்பி வா."

அங்கே இருந்தவர்களில் பாதிப் பேருக்கு அவன் கேபிள் இழுத்திருக்கிறான். மீதிப் பேரோடு விசாவுக்காகக் குவெஸ்தூரா பொலிஸ் கந்தோர் வரிசையில் விடியற்காலையில் துணைக்கு நின்றிருக்கிறான். நான் வாய்விட்டு அழுதேன். எங்கோ பின்னாலிருந்து ஒரு பெண், "தாலி கட்டுற இடத்திலை செத்த ஆளின்ரை குரல், அபசகுனம்" என்றாள்.

அப்போதுதான் என் மனிசன் கண் விழித்தார். "கட்டின தாலியை இனி அவிழ்க்கவோ போறியள்?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அந்த மனிசன் உருப்படியாகக் கதைத்தது அந்த ஒரு தரம்தான்.

மணவறையிலிருந்து நிரோசினி கூப்பிட்டாள். அழுது மை கரைந்திருந்தது, குரல் கரையவில்லை. "துஷா அன்ரி, நீங்கள் இன்னும் எனக்கு அறுகரிசி போடேல்லை."

எல்லாரும் அம்பிகையைப் பார்த்தார்கள். அவள் தட்டை நீட்டவில்லை, பின்னுக்கு இழுக்கவும் இல்லை. துஷாந்தி கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. கை நிறைய அள்ளிக்கொண்டு மணவறையில் ஏறி, பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் முழங்காலில், தோளில், தலையில் போட்டாள். நிரோசினி அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அம்பிகை தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். தட்டு சரிந்து அரிசி சிந்துவதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

துஷாந்தி இறங்கி நேரே மிக்சரடிக்கு வந்தாள். சுஜீவன் கதிரையில் இருந்தபடி அவளை அண்ணாந்து பார்த்தான்.

"தம்பி, எழும்பு" என்றாள்.

அவன் எழும்பினான்.