எலும்பு கிளினிக்கும் நீளம் கூடிய ஹவுஸ்கோட்டும்

எலும்பு கிளினிக்கில் வேலை பழகுகிறவர்களுக்கு ஒன்று தெரியும்: எலும்பு தேய்வது அந்த ஆளுக்கே தெரியாது, பழி மட்டும் வேறு யார் தலையிலாவது போய் விழும். வாகரையில் அது தையல்காரி தவமணி அக்காவின் தலையில் விழுந்தது. அவர் தைத்த, வீட்டில் உடுக்கிற ஹவுஸ்கோட்டுகள் நிலத்தில் இழுபடுகின்றன, அவருக்கு அளவெடுக்கத் தெரியாது என்று அவரிடம் தைக்கிற சிவமலர் மாமி ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார். கலியாண வீட்டுச் சட்டைகளெல்லாம் வாழைச்சேனைக்குத் தைக்கப் போய்விட்டன.

நான் பல்கலைக்கழகத்தில் பிசியோதெரபி கடைசி வருடம். அநியாயத்தைக் கண்டால் என் வாய் சும்மா இராது. கிளினிக் வாசலில் கத்திக் கத்தித் தொண்டை வற்றியவர்கள் உங்களில் இருந்தால், என் பக்கம்தான் நிற்பீர்கள்.

யாருடைய நாரி?

சிவமலர் மாமி நாரி நோகுது, முதுகின் அடிப்பக்கம் பிடிக்குது என்று, இழுபடுகிற ஹவுஸ்கோட்டோடும் தவமணி அக்காவைப் பற்றிய குறையோடும் எங்கள் மட்டக்களப்புக் கிளினிக்குக்கு வந்தார். கூட வந்த கணவர்தான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். "எங்க நோகுது மாமி?" என்று கேட்டால், "அவ தண்ணிக்குடம் தூக்கினவ, பிடிச்சிட்டு" என்று அவர். "நாரி உங்கடயா, அவவுடயதா?" என்று கேட்டுவிட்டேன். டொக்டர் பார்த்த பார்வை இன்னும் சுடுகிறது.

எலும்பு தேய்கிற வருத்தத்தில் ஆள் உயரம் குறைவதுண்டு. அதனால் பழைய உயரம் என்ன என்று மாமியிடம் கேட்டேன். அவர் கணவரை ஒருதரம் பார்த்துவிட்டு, "கலியாணம் முடிக்கக்குள்ள நான் இவரவிட ஒரு விரல் உயரம் மகள், வெளியில சொல்லுறேல்ல" என்றார். இப்போது பக்கத்தில் நிறுத்தினால் அவருடைய காதுக்குத்தான் வருகிறார். எக்ஸ்ரே படம் எடுத்தோம். முதுகெலும்பில் இரண்டு கட்டை நசிந்து கிடந்தன. விழவுமில்லை, அடிபடவுமில்லை, ஒரு குடம் தண்ணீரின் பாரமே போதுமாக இருந்திருக்கிறது. பிறகு எடுத்த ஸ்கேனும் எலும்பு உள்ளுக்குள் நொய்ந்துபோனதைத்தான் காட்டியது.

"சட்டை நீளவில்லை மாமி, நீங்கதான் கட்டையாகிட்டீங்க. தவமணி அக்காவில ஒரு பிழையுமில்ல" என்று மேசையில் தட்டிச் சொன்னேன். மாமிக்கு முகம் கறுத்துப்போனது. கணவர் மட்டும் மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப இப்ப நான்தான் உயரமா?"

வெள்ளிக்கிழமைக் குளிசை

எலும்புக்கு டொக்டர் எழுதித் தந்தது கிழமைக்கு ஒரு குளிசை, ஏழு நாளைக்கு ஒரு மாத்திரை. விடிய வெறும் வயிற்றில், ஒரு கிளாஸ் பச்சைத்தண்ணீரோடு. அதற்குப் பிறகு அரை மணித்தியாலம் சாப்பிடக்கூடாது, படுக்கக்கூடாது, குனியக்கூடாது. குளிசை மேலே ஏறி நெஞ்சைப் புண்ணாக்கிவிடும். இதை நான் தெளிவாகத்தான் சொன்னேன். அடுத்த கிளினிக்கில் மாமி, "அந்த மருந்து நெருப்பு மகள், விட்டுட்டன்" என்றார்.

விசாரித்துப் பார்த்தால், வெள்ளிக்கிழமை விரதம், வயிறு எப்படியும் வெறுமைதானே என்று அந்த நாளையே தேர்ந்தெடுத்திருக்கிறார். அதுவரை சரி. குளிசையை விழுங்கிய கையோடு பிள்ளையார் கோயிலுக்குப் போய், தலை நிலத்தில் முட்ட விழுந்து கும்பிட்டிருக்கிறார், அதுவும் நாரி சுகமாக வேண்டுமென்று! நான் வாதாடத் தொடங்கினேன். சாமியை விழுந்து கும்பிடாமல் எப்படி வாறது என்று அவரும் விடவில்லை. டொக்டர் நெஞ்செரிவைப் பார்த்து, அது ஆறும்வரை குளிசையை நிறுத்தச் சொன்னார். பிறகு திரும்பத் தொடங்கும்போது, அவ்வளவு நாளும் எங்கள் சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்த நேர்ஸ் அக்கா ஒரே வசனத்தில் முடித்துவைத்தார்.

"பிள்ளையார் எந்த நேரமும் நிமிர்ந்து இருந்துகொண்டுதானே இருக்கார், நீங்களும் அரை மணித்தியாலம் அவரப்போல இருந்துட்டுப் போங்களன்."

வலை நூல்

குளிசை வழிக்கு வந்தது. முதுகு நிமிர்த்துகிற பயிற்சிகளையும் மாமி ஒழுங்காகச் செய்தார். ஆனால் அந்த ஹவுஸ்கோட் இன்னும் நிலத்தில் இழுபட்டுக்கொண்டுதான் இருந்தது. இப்படியான எலும்போடு தடக்கி விழுந்தால் இடுப்பு முறியும், பிறகு படுக்கைதான். "கட்டையாக்குங்க மாமி" என்றேன். ஊரில் தையல் மெசின் வைத்திருப்பது தவமணி அக்கா ஒருவர்தான். "அவள்ட வாசல மிதிக்க எனக்கென்ன முகம் இரிக்கு?" என்று மாமி மறுத்துவிட்டார்.

கணவர் மீன்பிடிக்கிறவர். வலை பின்னுகிற கை, ஒரு விளிம்பு மடிக்காதா என்று நீல நைலோன் நூலால் தானே மடித்து முடிச்சுப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அதோடு கிளினிக்குக்கு வந்த மாமி வாசற்படியில் ஏற, முடிச்சு அவிழ்ந்து, கால் சிக்கி, ஆள் சரிந்தார். நான் ஓடிப்போய்ப் பிடித்திருக்காவிட்டால் அன்றைக்கே இடுப்பு போயிருக்கும். மாமி என் தோளில் சாய்ந்தபடி அந்த முடிச்சைத் தூக்கிப் பார்த்தார்.

"இவர்ர வலையில மீன் எப்பிடித் தப்புதெண்டு எனக்கு இப்பதான் விளங்குது."

தவமணி அக்காவின் வாசல்

அந்தச் சரிவு மாமியை உலுக்கிவிட்டது. நாங்கள் வாகரைக்கு நடமாடும் கிளினிக் போன அன்று, "நீயும் வா மகள், எனக்குத் தனியப் போகப் பயம்" என்று என்னைக் கூட்டிக்கொண்டு தவமணி அக்கா வீட்டுக்குப் போனார். வாசலில் நின்றபடியே, "தவமணி, உன்ட அளவு சரி. நான்தான் குறைஞ்சுபோனன். கோயில்லயும் கடையிலயும் எல்லாருக்கும் சொல்லிப்போட்டுத்தான் வாறன்" என்றார். தவமணி அக்கா அளவுநாடாவை எடுத்து வந்து தோளிலிருந்து கணுக்கால்வரை அளந்தார். நம்பிக்கையில்லாமல் இன்னொருதரம் அளந்தார். பிறகு மாமியின் தோளில் வைத்த கையை எடுக்கவில்லை.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. நசிந்த எலும்பு பழையபடி வராது, போன உயரம் திரும்பாது, மிச்சத் துணியை வெட்டிவிடுவதுதான் பாதுகாப்பு என்று ஒரு பிரசங்கமே வைத்தேன். எலும்பைப் பற்றி இவ்வளவு படித்த எனக்கும், ஊரெல்லாம் பழிபேசித் திரிந்த மாமிக்கும் சேர்த்துத் தவமணி அக்கா கடைசியில் தந்த பதில் இதுதான்:

"நான் வெட்ட மாட்டன், உள்ளுக்கு மடிச்சுத்தான் அடிப்பன், மனிசி பயிற்சி செய்து நிமிர்ந்து வந்தா மறுகா அவிட்டு விடலாம், நீ கொஞ்சம் சத்தம் போடாம இரி புள்ள."