என் கைக்கு நூறு முழம்

எனக்கு எழுபத்திமூணு வயசு. அஞ்சு புள்ளைங்களைப் பூக்கட்டியே வளத்தேன். கோபுரத்தெருப் பூக்கடையில தூணோரம் என் இடம். அங்கிருந்து என்னை எழுப்பினவன் கடைக்காரம்மாவோட மருமவன்.

நாளுக்கு இருபத்திரண்டு முழம் கட்டணும்கிறது கடைக்காரம்மா வெச்ச பழைய கணக்கு. அவங்க கைதான் அளக்கும். அவங்களும் என்னாட்டம் குள்ளம். இவன் பொறுப்புக்கு வந்ததும், "மூணு நாள் சராசரி எடுப்பேன், இருபத்திரண்டுக்குக் கம்மின்னா இடம் இல்ல"ன்னான். நான் பயப்படல. இருபத்தஞ்சு, இருபது, முப்பதுன்னு கட்டினேன். சராசரி இருபத்தஞ்சு.

ஆனா அளந்தது அவன். ஆள் பனைமரம். என் அஞ்சு முழம் அவன் கைக்கு நாலு. இருபது, பதினாறு, இருபத்திநாலுன்னு எழுதினான். சராசரி இருபது.

"உன் கை நீளம்பா."

"எல்லாருக்கும் இதே கைதான் ஆயா. சராசரி எடுத்தா சரியாப் போயிடும்."

எல்லாருக்கும் அஞ்சுல ஒண்ணு குறைஞ்சதால, ஜாஸ்தி கட்டறவ அப்பவும் முதல்லயே இருந்தா. மத்தவளுங்க யாருக்கும் உறைக்கல. ஒவ்வொரு நாளும் குறைஞ்சா சராசரியும் அதே பங்கு குறையத்தானே செய்யும்? அந்த இருபத்திரண்டு மட்டும் குறையாம நின்னுச்சு. நாரைச் சுருட்டிக்கிட்டு வந்துட்டேன். மறக்கல.

ஆவணியில அவன் தங்கச்சிக்குக் கல்யாணம், வேங்கிக்கால்ல. என் கட்டு நெருக்கமா இருக்கும். நான்தான் கட்டணும்னு கடைக்காரம்மா சொல்லிட்டாங்க. அவனே என் வாசல்ல வந்து நின்னான்.

"பந்தல் முகப்பை முழம் போட்டுட்டேன் ஆயா. நூறு வேணும்."

"நூறுதானே? ஆகட்டும் தம்பி."

யார் கைக்குன்னு அவன் சொல்லல. நானும் கேக்கல.

மாப்பிள்ளை வீட்டார் வண்டியில இருந்து இறங்கற நேரம், முகப்புல ஒரு பக்கம் மொட்டையா நிக்குது. "ஆயா ஏமாத்திட்டா!"ன்னு கத்தினான். எல்லார் எதிரிலயும் நான் அளந்து காட்டினேன். என் கைக்கு நூறு. அவன் கைக்கு எண்பது.

"சராசரி எடுத்துப் பாரு தம்பி. சரியாப் போயிடும்."

அந்தக் கல்யாணப் பொண்ண நெனச்சா வருத்தமாத்தான் இருக்கு. அவன நெனச்சா இல்ல.

மறுநாளே கடைக்காரம்மா தன் முழத்துக்கு ஒரு மூங்கில் குச்சி வெட்டி ஆணியில மாட்டினாங்க. நான் பழையபடி தூணோரம். அவன் குனிஞ்சு அந்தக் குச்சியால அளந்து, "இருபத்தஞ்சு ஆயா"ன்னு வாயத் திறந்து சொல்றவரைக்கும் சரத்தை விடமாட்டேன்.

எழுத்துக் கூட்டி எழுதினது இவ்வளவுதான். பக்கத்துல பூக்கட்டற பாப்பா, இதைப் படிச்சுக் காட்டு. சத்தமா படி. அவன் கடைக்குள்ளதான் இருக்கான்.