தும்மலில் முளைத்த இலை

மெஹந்தி கோனைச் சட்டென்று மேலே தூக்கிவிட்டு, முகத்தைத் தோளில் புதைத்துக்கொண்டுதான் தும்முவாள் சுலைகா. தும்மியதும் "அல்ஹம்துலில்லாஹ்" என்பாள். கல்யாண வீட்டுப் பெண்களும் பதில் துஆ சொல்வார்கள். மூன்று தும்மல்வரைக்கும்தான் அந்த மரியாதை. அதற்குமேல் போனால், "இவளுக்கு சர்தி புடிச்சிருக்கு" என்று ஜலதோஷக் கணக்கில் தள்ளிவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள்.

தாராவியில் எங்கள் பக்கத்து மணப்பெண்களுக்கெல்லாம் அவள்தான் மெஹந்தி. தும்மலில் கோடு கோணினால் துடைக்கமாட்டாள். அங்கேயே ஓர் இலையை முளைக்க வைத்துவிடுவாள், கெட்டிக்காரி. எந்த இலை தும்மலில் பிறந்தது என்று பக்கத்து வீட்டுக்காரியான எனக்குத்தான் தெரியும். மருதாணிப் பொடியை நைலான் துணியில் சலித்துக் கரைப்பதும் அவளேதான். கணவன் ஷகீலுக்குத் தோல் பட்டறையில் வேலை இருந்தால் உண்டு. வீட்டில் அடுப்பு எரிவது இவள் கையால்தான்.

மெடிக்கல்காரர் கொடுத்த மாத்திரையை வருஷக்கணக்கில் மிட்டாய் மாதிரி விழுங்கினாள். மூக்கு அடங்கும், கண் சொக்கும். போன மாசம் ஒரு மணப்பெண்ணின் கையைப் பிடித்தபடியே தூங்கி விழுந்தாள். கோடு முழங்கைவரை ஓடியது. அதை இலையாக்க யாராலும் முடியாது. அந்த வீட்டார் கையைக் கழுவிவிட்டு வேறு ஆளைக் கூப்பிட்டார்கள்.

"மாத்திரையும் தின்னுக்கிட்டு தொழிலும் பண்ண முடியலக்கா" என்று அன்றைக்குத்தான் என்னிடம் அழுதாள். அலர்ஜிக்கென்றே சயானில் ஒரு டாக்டர் இருப்பதை விசாரித்து, நானே இழுத்துக்கொண்டு போனேன்.

தோலில் குத்திப் பார்க்கவேண்டும், அதுவரை ஒரு வாரம் மாத்திரையைத் தொடக்கூடாது, புழங்குகிற பொடியையும் கொண்டுவா என்றார் டாக்டர். அந்த வாரம் நாய்படாத பாடு பட்டாள். தும்மலைவிடப் பயம்தான் அவளைத் தின்றது. தெருத் தூசி, தலையணைப் பஞ்சு, அடுத்த சந்து மாவு மில் என்று எல்லார் தலையிலும் பழியைப் போட்டாள். பொடி சலிக்கும்போதுதானே அதிகம் தும்முகிறாய் என்று வாயை விட்டேன். அதோடு என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, கழுதை.

ஆனாலும் நேற்று என்னைத்தான் கூட்டிக்கொண்டு போனாள். முன்னங்கையில் வரிசையாகப் பேனாப் புள்ளி வைத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் தூசிக்கு ஒன்று, பஞ்சுக்கு ஒன்று என்று ஒரு துளி விட்டுக் குத்தினார்கள். கடைசிக் குத்து, மணிக்கட்டின் ஓரத்தில், அவளுடைய பொடிக்கு. எந்த இடம் தடிக்கிறதோ அதுதான் எதிரி, சொறியாமல் காத்திருங்கள் என்றார் நர்ஸம்மா. சுலைகா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"அரிக்குதுக்கா. எதுன்னு நீங்களே பாருங்க. மெஹந்தி மட்டும் இல்லைன்னு சொல்லிருங்க, போதும்."

பார்த்தேன். தூசிக்குக் குத்திய இடம் சும்மா கிடந்தது. பஞ்சுக்குக் குத்திய இடமும் அப்படியே. மணிக்கட்டின் ஓரத்தில் கொசு கடித்தாற்போல் ஒரு தடிப்பு, என் கண்முன்னாலேயே பெரிதாகிக்கொண்டிருந்தது. அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பிடியிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

அளந்து பார்க்க நர்ஸம்மா ஸ்கேலோடு எழுந்து வந்தார். சுலைகா கண்ணைத் திறக்காமலே, புர்க்காவின் கையை விரல்நுனிவரை இழுத்து விட்டுக்கொண்டாள்.