ஜமால் பாயும் என் மூன்று நாள் கஞ்சியும்

தொலைபேசி ஒலித்தபோது கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை ரத்தப் பரிசோதனை. அதற்காக மூன்று நாட்களாகக் கஞ்சி. பேசியது ஜமால் பாயின் மகள் நஸ்ரீன்.

"சார், நாளைக்கு வெறும் வயித்தோட வந்து நிக்காதீங்க. லேப் இல்ல. அத்தா தவறிட்டாங்க."

மறுநாள் வருவதாகப் பெயர் கொடுத்திருந்த எல்லோரையும் அவள் வரிசையாக அழைத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாய் இருந்தாலும் அதைத்தான் முதலில் செய்திருப்பார். கஞ்சியை மூடி வைத்தேன்.

அஸ்தினாபுரத்தில் அவருடைய ஒற்றை அறைப் பரிசோதனைக் கூடத்தில் கை நீட்டாதவர்கள் நம்மில் குறைவு. எனக்குச் சர்க்கரை நோய் என்று முதலில் சொன்னது அந்த அறைதான். முப்பது வருடம் பள்ளியில் உயிரியல் நடத்தியவன் நான். கணையத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் வரைவேன். ஆனாலும் பரிசோதனைக்கு முந்தைய மூன்று நாட்கள் மட்டும் கஞ்சியும் நடையுமாக இருந்து, நல்ல அளவு எழுதிய தாளோடு வீடு திரும்புவேன். கடைசி நேரத்தில் படித்துத் தேறும் பிள்ளைகளை வருடம் முழுக்கக் கடிந்துகொண்டவன் செய்த வேலை இது.

ஒருநாள் தாம்பரம் ரயில் நிலைய மேம்பாலத்தில் என் இடது கால் செருப்பு கழன்று விழுந்தது. எனக்குத் தெரியவில்லை. பின்னால் வந்த என் மனைவி எடுத்து வந்து, "ரத்தத்துல பாஸ், செருப்புல ஃபெயிலா?" என்றாள். இதைப் பாயிடம் வேடிக்கையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கண்ணை மூடச் சொல்லி, என் பாதத்தருகே குனிந்தார்.

"பஞ்சால தொடுறேன். தொட்டதும் சொல்லுங்க சார்."

காத்திருந்தேன். "இன்னும் தொடலையே பாய்?"

"அஞ்சு வாட்டி தொட்டுட்டேன்" என்றார். பிறகு, "மூணு நாளா கஞ்சியா?" என்று கேட்டார். தலையசைத்தேன். "எல்லாரும் அப்படித்தான் சார். மாசத்துல இருபத்தேழு நாள் அவங்க. மூணு நாள் வேற யாரோ. நான் அந்த வேற யாரோவோட ரத்தத்தத்தான் எடுத்துகினு கீறேன்."

அன்று எடுத்த ரத்தத்திலேயே மூன்று மாதச் சராசரியையும் பார்த்தார். சிவப்பணு ஏறக்குறைய நான்கு மாதம் வாழும். அதுவரை ரத்தத்தில் இருந்த சர்க்கரை அதன்மேல் ஒட்டிக்கொண்டே வரும். மூன்று நாள் கஞ்சி அதை அழிக்காது. இந்தச் சிவப்பணுவின் ஆயுளை எத்தனை முறை தேர்வில் கேட்டிருப்பேன்! வந்த அளவைப் பார்த்ததும் கூடத்தைப் பூட்டி, என்னைத் தன் வண்டியில் ஏற்றி மருத்துவரிடம் கொண்டுபோனார். பாதத்தின் அடியில் எனக்கே தெரியாத ஒரு புண் இருந்தது. இன்னும் சில வாரம் போயிருந்தால் விரல்களை எடுக்க வேண்டியிருக்கும் என்றார் மருத்துவர். இரண்டு மாதம் கட்டுப் போட்டு ஆறியது.

கால் ஆறியதும் மெல்லக் கஞ்சியும் திரும்பிவிட்டது. பாய்க்குத் தெரியாமல் இருந்திருக்காது. "விசேஷமா தயாராகி வராதீங்க சார், சாதாரணமா வாங்க" என்று மட்டும் ஒவ்வொரு முறையும் சொல்வார். பின்னாளில் அதைச் சொல்லும்போது அவர் குரலில் களைப்பு இருந்தது.

அடக்கத்தன்று வாசலில் நின்ற ஒருவர், ஊர் ரத்தத்தையெல்லாம் பார்த்தவர் தன் ரத்தத்தைப் பார்க்கவில்லையே என்றார். நண்பர்களே, தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். பாய்க்கு ரத்த அழுத்தம் இருந்தது. அவருடைய தகப்பனார் மாரடைப்பில் போனவர். இரண்டையும் அறிந்து, ஒருநாள்கூட மாத்திரையைத் தவறவிடாமல், உப்பைக் குறைத்து வாழ்ந்தார். பக்ரீத் விருந்துக்கு மறுநாளே மகளிடம் கையை நீட்டி ரத்தம் எடுக்கச் சொல்வார். அப்படியும் அவருக்கும் மாரடைப்பு வந்தது. மழையில் குடை பிடித்தவனும் சில சமயம் நனைகிறான். அதனால் குடை வீண் என்று ஆகிவிடாது. ஏமாற்றிய நான் இருக்கிறேன், ஏமாற்றாத அவர் இல்லை. இதற்கு எந்தப் பாடத்திலும் எனக்கு விளக்கம் கிடைக்கவில்லை. தேடவும் அலுப்பாக இருக்கிறது.

இருபது நாள் கழித்து நஸ்ரீன் கூடத்தைத் திறந்தாள். முந்தின நாள்வரை கஞ்சி இல்லாமல் வழக்கம்போலச் சாப்பிட்டுவிட்டுப் போனேன். வெறும் வயிற்றில் சர்க்கரை நூற்று எண்பத்தாறு, இருக்க வேண்டியதைவிட வெகு அதிகம். தாளை நீட்டும்போது அவள் கண் கலங்கியிருந்தது.

"அத்தா பாத்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாங்க சார்."

"இந்த அளவுக்காம்மா?"

"இது உங்களோடது சார்."

நல்ல அளவு எழுதிய பழைய தாள்களையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டேன். ஜமால் பாயின் நினைவாக நான் வைத்திருப்பது இந்த ஒன்றைத்தான்.